பாலத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தம்

டிப்போவில் அந்த டிரைவரை எல்லோரும் ‘ஸ்பீடு’ என்றுதான் கூப்பிட்டார்கள். வேகமாக ஓட்டுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் ஓட்டும் பேருந்தைச் சைக்கிள்கள் முந்திக்கொண்டு போகும். தூரத்தில் மஞ்சள் விளக்கு தெரிந்தாலே கால் பிரேக்குக்குப் போய்விடும். நிறுத்தத்தில் ஒரு ஆள்கூட இல்லாவிட்டாலும் நிற்பார், கதவைத் திறப்பார், மூடுவார், கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்த பிறகுதான் எடுப்பார். நிறுத்தம் இல்லாத இடத்தில் யார் கை காட்டினாலும் அவர் பார்வை சாலையை விட்டு நகராது.

இதில் அவர் மனைவிக்கும் விலக்கு இல்லை என்பது அந்த வழித்தடம் முழுக்கத் தெரிந்த கதை.

மனைவிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் ரொட்டிகளை உறையில் போடும் வேலை. தொழிற்சாலை பாலத்துக்கு முன்னால் இருந்தது. முன்பு அதன் வாசலிலேயே ஒரு நிறுத்தமும் இருந்தது. குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியபோது நிறுத்தத்தைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாற்றினார்கள். பள்ளத்தை மூடினார்கள், நிறுத்தம் திரும்பி வரவில்லை. கம்பத்தைப் பிடுங்கிய இடத்தில் காங்கிரீட் அடிக்கட்டை மட்டும் உடைந்த பல் மாதிரி நின்றது. தினமும் காலையில் மனைவி கணவரின் பேருந்திலேயே ஏறி, தன் வேலையிடத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி தாண்டி, பாலத்துக்கு அப்பால் இறங்கி, அதே பாலத்தில் திரும்பி நடந்து வருவார்.

ஒரு நாள் நல்ல மழை. குடையும் இல்லை. தொழிற்சாலை நெருங்கும்போது அவர் எழுந்து முன்னால் போய்க் கதவருகே நின்றார்.

“டிரைவர், கொஞ்சம் நிறுத்துங்க. இங்கேயே எறங்கிக்கறேன்.”

டிரைவர் திரும்பவில்லை. வண்டி பாலத்தில் ஏறியது.

முன் இருக்கையில் இருந்த ஒருவர் கண்டக்டரிடம் மெல்லக் கேட்டார். “அந்தம்மா அவருக்குத் தெரிஞ்சவங்களா?”

“பொண்டாட்டிங்க.”

“அப்படியிருந்துமா நிறுத்தல?”

“அதனாலதான் நிறுத்தல.”

அன்று மாலை வீட்டில் டிரைவருக்குச் சோறு கிடைத்தது; பேச்சு கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் அவரே வாயைத் திறந்தார். “உனக்கு நிறுத்தினா நாளைக்கு ஊரே கை காட்டும்.”

“அப்போ நானும் ஊரும் ஒண்ணு. அப்படித்தானே?”

அடுத்த நாளும் அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் நிறுத்தினார்.

இந்த மனிதரைத்தான் டிப்போவுக்கு வருஷா வருஷம் வரும் டாக்டர் எடைக்கருவியில் ஏற்றினார். முள் போன இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“வண்டி ஓட்டற ஆளுக்கு வயித்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவுல கொஞ்சம் இடம் வேணும்.”

“சீட்டைப் பின்னால தள்ளிட்டேன் டாக்டர்.”

“இன்னும் எவ்வளவு தள்ளுவீங்க? பின்னால ஜனங்க உட்கார்ந்திருக்காங்க.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரத்த அழுத்தத்தைப் பார்த்தபோது டாக்டர் சிரிக்கவில்லை. “நெஞ்சுல வலி, மூச்சு வாங்கறது ஏதாவது உண்டா?” என்று கேட்டார். டிரைவர் இல்லையென்றார். அன்றைக்கு அது உண்மை. மூன்று மாதம் கழித்து மறுபடி வருவதாகவும், அதற்குள் எடையும் அழுத்தமும் இறங்கவில்லையென்றால் ஸ்டீயரிங்கை விட்டு இறக்கிவிடுவதாகவும் டாக்டர் சொன்னார். இறக்கினால் எங்கே என்று யாரும் கேட்கத் தேவையில்லை. டிப்போ வாசலில் சங்கிலியைக் கழற்றி மாட்டும் வேலை.

அந்தச் சங்கிலியருகே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் டிரைவராக இருந்து கண் மங்கியதால் இறக்கப்பட்டவர். ஏதாவது வண்டி கொஞ்சம் வேகமாக உள்ளே திரும்பினால், ஸ்டூலில் இருந்தபடியே அவருடைய வலது கால் வெறும் தரையை அழுத்தும். பிரேக் போடுகிறாராம். சின்னப் பையன்கள் பார்த்துச் சிரிப்பார்கள். ஸ்பீடு ஒரு நாளும் அந்தக் காலைப் பார்த்ததில்லை. பார்க்காமல் இருப்பதற்காகவே அந்த இடத்தில் வலது பக்கக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே உள்ளே வருவார்.

செய்தி வீட்டுக்கு வந்தது. வீட்டில் மகள் இருந்தாள். தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் கல்லூரிப் படியைத் தாண்டி வெளியே வந்த முதல் ஆள் அவள்தான். ஒரு அலுவலகத்தில் மற்றவர்கள் சேகரித்து அனுப்பும் கணக்குகளைக் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவள் படிப்பு புதிதாக வாங்கிய மேசை மாதிரி இருந்தது. எல்லோரும் தினம் துடைத்தார்கள். அதன்மேல் எதை வைப்பதென்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. படித்தது எதற்கு என்று சில நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருப்பாள். அப்பாவுக்கு எடை இறங்க வேண்டும் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஓடணும்ப்பா. நான் எல்லாம் படிச்சுப் பார்த்துட்டேன். முதல்ல நடை, அப்புறம் கொஞ்சம் ஓட்டம். வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கூட்டிக்கிட்டே போகலாம். நான் போட்டுத் தர்றேன்.”

“உங்கப்பாவா? ஓடவா?” என்றார் அம்மா. “கக்கூஸுக்கே கியர் மாத்தி மாத்தித்தான் போவாரு.”

அந்த நேரம் பார்த்து மெடல் மாமா வந்து சேர்ந்தார். மெடல் மாமா என்பது மனைவியின் தம்பி. எப்போதோ ஒரு ஓட்டப் போட்டியில் கலந்துகொண்டு மெடல் வாங்கியவர். அந்தப் போட்டியில் கொடுத்த பனியனைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொள்வார். ஓடிய எல்லோருக்கும், தண்ணீர் பாட்டில் நீட்டியவர்களுக்கும்கூட அந்த மெடலைக் கொடுத்தார்கள் என்பதை அவர் சொல்வதில்லை; அவருடைய அக்கா அதை மறப்பதும் இல்லை.

“மாமா, ஓட்டம்னா கால்ல இல்ல. மனசுல,” என்றார் அவர்.

“அப்போ நீ மனசுலேயே ஓடு. சட்டையாவது நாறாம இருக்கும்,” என்றார் அக்கா.

மெடல் மாமா தன் பழைய காலணியைக் கொடுத்தார். அது ஒரு அளவு பெரியது. முனையில் துணி அடைத்துக்கொண்டு டிரைவர் ஓட்டத்தைத் தொடங்கினார்.

எங்கே ஓடுவது என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே சாலை. இருபது வருஷத்துக்கு மேல் அதில் போய் வந்திருந்தும், அதன்மேல் கால் வைத்தது இதுவே முதல் முறை. இருக்கையிலிருந்து பார்த்தபோது மட்டமாக இருந்த சாலை காலுக்கு ஏற்றமாக இருந்தது. முடி திருத்தும் கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருப்பது அவருக்குத் தெரியாது. வண்டியில் அது ஒரு கியர் மாற்றும் நேரம். இப்போது அதற்குள் அவருடைய வாழ்நாளே முடிந்துவிடும் போலிருந்தது.

முதல் நிறுத்தம் வந்ததும் அவர் நின்றார். வேண்டுமென்று நிற்கவில்லை. காலே நின்றது. அங்கே காத்திருந்த பூக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன ஸ்பீடு, வண்டி எங்க?”

“வண்டி இல்ல. ஓடறேன்.”

“அப்புறம் எதுக்கு நின்னீங்க?”

டிரைவர் கம்பத்தைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார், மறுபடி ஓட ஆரம்பித்தார். அடுத்த நிறுத்தத்திலும் கால் நின்றது. அங்கே ஒரு கல்லூரிப் பெண் விளையாட்டாகக் கையை நீட்டி, “ஏறலாமா அங்கிள்?” என்று கேட்டாள். ஒரு வாரத்துக்குள் வழித்தடம் முழுக்க விஷயம் பரவிவிட்டது. காலையில் பேருந்துக்கு நிற்பவர்கள் அவர் வந்ததும் நகர்ந்து இடம் விட்டார்கள். யாராவது வாயாலேயே இரண்டு விசில் கொடுத்தால்தான் அவர் கிளம்புவார் என்று டிப்போவில் கண்டக்டர் கதை கட்டினார். அது பாதி நிஜம். மகளோ மெடல் மாமாவோ கூட வரும்போது அவர்களும் விசில் கொடுத்தார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே ஓடினார். உள்ளுக்குள் அவருக்கு அது பிடித்துமிருந்தது. ஸ்டீயரிங் இல்லாமலும் அவர் இன்னும் டிரைவராகத்தான் இருந்தார்.

எடை இறங்கியது. கால்சட்டைக்கு மனைவி ஊசி பிடிக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் உடைந்து போன ரொட்டிகளை முன்பெல்லாம் பை நிறைய வீட்டுக்குக் கொண்டு வருவார். இப்போது அவற்றை வாசலிலேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வந்தார். “ரொட்டியில கை வெக்கற ஆளே வீட்ல இல்ல. உங்களுக்கு உடம்பு எறங்க எறங்க எனக்கு வீடு காலியாத் தெரியுது,” என்று குறைபோலச் சொன்னார். மகள் வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கூட்டினாள். ஒவ்வொரு தடவையும் அவர் எடையைக் கேட்டுவிட்டு அவள் முகம் மலர்வதைப் பார்க்க டிரைவருக்கு மனம் நிறைந்தது. பரீட்சை முடிவு வந்த நாளில்கூட அவள் இப்படிச் சிரித்ததில்லை. “பார்த்தீங்களா, படிச்சது வீண் போகல,” என்று ஒரு நாள் சொன்னாள். சொல்லிவிட்டு, அதைத் தனக்கே சொல்லிக்கொண்டதைப் போல உடனே சமையலறைக்குள் போய்விட்டாள்.

தூரம் கூடிய பிறகுதான் வலி வந்தது.

மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். நெஞ்சின் நடுவில் யாரோ முழங்கையை ஊன்றி மெதுவாகச் சாய்ந்தது போல இருந்தது. அழுத்தம் ஏறி இடது தாடைக்குப் போயிற்று. நிற்க வேண்டும் என்று உடம்பு முழுக்கக் கத்தியது. ஆனால் எதிர்ச் சாரியில் பால் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் தள்ளினால் நிறுத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். உலகம் ஒரு சுற்றுச் சுற்றித் தன் இடத்துக்கு வந்தது. முழங்கை மெல்ல எடுபட்டது.

“வந்துட்டாருய்யா! கரெக்டா ஸ்டாப்ல!” என்று பால் கடைக்காரர் கத்தினார். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ இரண்டு விசில் கொடுத்தார்கள்.

அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் பொய் தொடங்கியது. ஒரு சொல்கூடச் சொல்லாமல் சொன்ன பொய்.

அதற்குப் பிறகு அவர் நின்ற நிறுத்தங்களில் பழக்கத்துக்காக நின்றவை குறைந்துகொண்டே வந்தன. வலி வரும் முன்பே மேடு தெரியும். மேடு தெரிந்ததும் அடுத்த கம்பம் எவ்வளவு தூரம் என்று கண் தேடும். ஆட்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கச் சிரிக்க, அவர் மூச்சு தன் இடத்துக்கு வரும். ஒரு கேலி இவ்வளவு பாதுகாப்பாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

ஏன் சொல்லவில்லை? கேட்டால் அவர் மூன்று காரணம் சொல்லியிருப்பார். டாக்டர் பார்க்கப்போவது எடையும் அழுத்தமும், இரண்டும் இறங்கிவிட்டன. இருக்கையில் உட்கார்ந்து ஓட்டும்போது வலி வருவதில்லை. மூன்றாவது காரணம், மகள். வலி என்று சொன்னால் அவள் தூரத்தைக் கூட்டிய ஒவ்வொரு வாரமும் அவள் கண் முன்னால் வந்து நிற்கும். இந்த மூன்றும் உண்மைதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில், டிப்போ வாசலில் வெறும் தரையை அழுத்தும் ஒரு கால் இருந்தது. அதை அவர் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

இரண்டாவது காரணம் ஒரு மத்தியானத்தோடு போயிற்று. சந்தை முனையில் வண்டியை முழுக்க வளைக்க வேண்டும். ஸ்டீயரிங்கை இழுத்துத் திருப்பும்போது மேட்டில் வந்த அதே முழங்கை மறுபடி நெஞ்சில் வந்து ஊன்றியது. வளைத்து முடித்து, அடுத்த நிறுத்தத்தில் நிறுத்தினார். ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். இரண்டு விசில் வந்தது. வண்டி நகரவில்லை. மறுபடி இரண்டு விசில்.

“என்னண்ணே, தூங்கிட்டீங்களா?” கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினார்.

“யாரோ ஓடி வர்ற மாதிரி இருந்துச்சு.”

கண்டக்டர் வெளியே எட்டிப் பார்த்தார். சாலை காலியாக இருந்தது. “ஓடி ஓடி உங்களுக்கு எல்லாரும் ஓடற மாதிரியே தெரியுது போல.”

டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். முழு வண்டியும் அதில் தெரிந்தது. ஒரு பெண்ணின் தோளில் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். யாரும் சாலையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவர் அவர் என்பதால் அவர்கள் பார்க்கவில்லை. மஞ்சள் விளக்குக்குப் பயந்து இத்தனை வருஷம் பிரேக் போட்ட கால் இப்போது எதற்குத் துணிந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அன்று முழுக்க அந்தக் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினார். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடலாம் என்று இருந்தார். வீட்டில் மகள், “மறு சோதனைக்கு ஒரு வாரம்கூட இல்லப்பா. கிட்டத்தட்டப் பாஸ் ஆயிட்டீங்க!” என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். சோதனை முடியட்டும், அடுத்த நாளே சொல்லிவிடலாம் என்று தள்ளிப் போட்டார். டாக்டர் மறுபடி அதே கேள்வியைக் கேட்பார் என்பதும் அவருக்குத் தெரியும். இந்தத் தடவை வாயைத் திறந்து பொய் சொல்ல வேண்டும்.

சோதனைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பமே அவரோடு கிளம்பியது. அது மெடல் மாமாவின் யோசனை.

“இன்னிக்கு எங்கேயும் நிக்கக் கூடாது மாமா. நேரா பாலத்தைத் தாண்டறோம், அந்தப் பக்கம் டீ குடிக்கறோம். நீங்க நின்னா டீ உங்க செலவு.”

“நான் நடந்தே வர்றேன்,” என்றார் மனைவி. “தினம் நடக்கற பாலம்தானே. எனக்கு அது ஒண்ணும் புதுசு இல்ல.”

டிரைவர் ஓடினார். முதல் நிறுத்தத்தைத் தாண்டினார். மகள் கை தட்டினாள். இரண்டாவதையும் தாண்டினார். அன்று வெயில் ஏறவில்லை, காற்று இருந்தது. தப்பித்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். ரொட்டித் தொழிற்சாலை வந்தது. பாலத்துக்கு ஏறும் சரிவு அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு அடி ஏறியிருப்பார். முழங்கை வந்தது. இந்தத் தடவை அது சாயவில்லை. மொத்தப் பாரத்தோடு ஏறி உட்கார்ந்தது. இடது கை விரல்வரை மரத்துப் போயிற்று. கண் கம்பத்தைத் தேடியது. கம்பம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. கையெட்டும் தூரத்தில் அந்த உடைந்த காங்கிரீட் அடிக்கட்டைதான் இருந்தது. அவர் அதன்மேல் கையை ஊன்றி நின்றார்.

“ஸ்டாப்,” என்றார், சிரிக்க முயன்றபடி.

மெடல் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “டீ மாமா செலவு! டீ மாமா செலவு!” மகள் உதட்டைக் குவித்து இரண்டு விசில் கொடுத்தாள். பின்னால் நடந்து வந்த மனைவி பக்கத்தில் வந்து நின்றார். அவர் சிரிக்கவில்லை.

“இங்க ஏது ஸ்டாப்?”

“பழக்கம்தானேக்கா,” என்றார் தம்பி.

“நீ சும்மா இரு.” அவர் கணவரையே பார்த்தார். “இங்க ஸ்டாப் இல்லன்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்? கொட்டற மழையில கெஞ்சினேன். ஸ்டாப் இல்லன்னு என்னையே தாண்டிப் போன மனுஷன் நீங்க. தினம் தாண்டிப் போறீங்க. இன்னிக்கு மட்டும் எப்படி இது ஸ்டாப் ஆச்சு?”

மனைவி கையை நீட்டிக் கணவரின் சட்டைக்குள், கழுத்துக்குக் கீழே தொட்டுப் பார்த்தார். ஓடியவரின் வேர்வை சூடாக இருக்கும். இது ஜில்லென்று இருந்தது.

“எங்க வலிக்குது?”

மகளின் உதடுகள் விசிலுக்குக் குவித்தபடியே நின்றுவிட்டன.

“ஏறும்போது மட்டும்தான்,” என்றார் டிரைவர். சின்னக் குழந்தையின் குரல் மாதிரி இருந்தது.

“எத்தனை நாளா?”

அவர் பார்வை மகள்மேல் போயிற்று. மகள் அப்படியே அந்த அடிக்கட்டை பக்கத்தில் குந்தினாள். “நான்தானேப்பா தூரத்தைக் கூட்டினேன். ஒவ்வொரு வாரமும் கேட்டேன். எடை என்னன்னு கேட்டேன், எவ்வளவு தூரம்னு கேட்டேன். வலிக்குதான்னு ஒரு தடவைகூடக் கேட்கலையே.”

“கேட்டிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். நீ அழாதே.”

மெடல் மாமா இதற்குள் அங்கே இல்லை. “ஏதாவது வண்டி புடிச்சிட்டு வர்றேன்” என்ற குரல் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அவர் பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, பாலத்துக்கு இந்தப் பக்கம் வாடகை வண்டி எதுவும் கண்ணில் படவில்லை. அப்போதுதான் பின்னால் பழக்கமான எஞ்சின் சத்தம் கேட்டது. அவருடைய வழித்தடப் பேருந்து.

மனைவி சாலையில் இறங்கிக் கையை நீட்டினார்.

“நிக்காது,” என்றார் டிரைவர். “இங்க ஸ்டாப் இல்ல.”

“நிக்கறதும் நிக்காததும் ஓட்டிட்டு வர்ற புள்ளையோட இஷ்டம். நீங்க வாயை மூடுங்க.”

பேருந்து நின்றது. கதவு திறந்தது. ஸ்பீடோடு எப்போதும் வரும் கண்டக்டர்தான் அன்று அந்த வண்டியில் வேலையில் இருந்தார். “என்னக்கா, பழைய வழக்கை இன்னிக்கு ஜெயிச்சிட்டீங்களா...” என்று ஆரம்பித்தவர், டிரைவரின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை விழுங்கிவிட்டுக் கீழே குதித்துத் தாங்கிப் பிடித்தார்.

படியில் கால் வைத்தவர் அந்த நிலையிலும் முன்னால் பார்த்துச் சொன்னார். “இங்க நிறுத்தக் கூடாதுப்பா.”

ஸ்டீயரிங்கில் இருந்த இளைய டிரைவர் திரும்பினார். “தெரியும்ணே. நாளைக்கு என்மேல புகார் குடுங்க. இப்போ உட்காருங்க.”

உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் அவர், பக்கத்தில் மனைவி, பின்னால் மகள். வலி குறைந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம், நான்கைந்து நிறுத்தம் தள்ளி. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டு அருகில் வந்து நின்றார்.

“நாளைக்கு டாக்டர் வர்றாரு,” என்றார் டிரைவர்.

“லீவுன்னு சொல்லிடறேண்ணே. உடம்பு தேறி வந்து பார்த்துக்கலாம். எடைதான் எறங்கிடுச்சே. யாருக்குத் தெரியப்போகுது?”

டிரைவர் தலைக்கு மேல் பார்த்தார். கண்ணாடி அங்கேயே இருந்தது. ஆனால் இன்று அதற்குள் இருப்பவர்களில் அவரும் ஒருவர். இளைய டிரைவரின் கண்கள் அதில் ஒரு முறை வந்து அவரைப் பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பின.

“நெஞ்சு வலின்னே சொல்லு.”

“அண்ணே, அப்படிச் சொன்னா சீட்டு...”

“சொல்லுன்னா சொல்லு. ஓட்டும்போதும் ஒரு தடவை வந்துச்சு. அதையும் சொல்லு.”

சந்தைக்கு அடுத்த நிறுத்தமும், யாரும் ஓடி வராத அந்தக் காலிச் சாலையும் கண்டக்டருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பாலத்தின் நடுவில் மெடல் மாமா தெரிந்தார். திரும்பிப் பார்க்காமல், கைகளைக் கண்டபடி வீசிக்கொண்டு, காலணி ஒன்று கழன்று போனதுகூடத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தார். அந்தப் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது.

“ஏத்திக்கலாமாண்ணே?” இளைய டிரைவர் கேட்டார்.

“பாலத்துல நிறுத்தக் கூடாது,” என்றார் ஸ்பீடு.

மனைவி முறைத்தார். ஜன்னல் வழியாகத் தம்பியைப் பார்த்துக்கொண்டே வந்தார். வண்டி அவரைத் தாண்டும்போது, “பாவி, என்னமா ஓடறான்,” என்றார்.

அந்தப் பக்க நிறுத்தத்தில் வண்டி நின்று அவருக்காகக் காத்திருந்தது. மூச்சிரைக்க ஏறி வந்த மெடல் மாமா எல்லோரையும் பார்த்தார், படியிலேயே உட்கார்ந்தார், வெறும் காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். யாரும் கேலி செய்யவில்லை. மகள் எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு திரும்பி வந்து, அப்பாவின் தோளுக்கு மேல் குனிந்து, முதல் முறையாகக் கேட்டாள்.

“இப்போ வலிக்குதாப்பா?”

“கொஞ்சம்,” என்றார் அவர். சொன்னதும் ஏதோ இறங்கியது போல இருந்தது.

இரண்டு விசில். வண்டி கிளம்பியது. பாலத்தைத் தாண்டிய இறக்கத்தில் வேகம் பிடித்தது. அவசரம் தெரிந்து இளைய டிரைவர் கொஞ்சம் வேகமாகவே விட்டார். ஸ்பீடின் வலது கால் வெறும் தரையை அழுத்தியது. அழுத்துவதை அவரே பார்த்தார். டிப்போ வாசலில் இத்தனை வருஷம் பார்க்க மறுத்த கால் இப்போது தன் முழங்காலுக்குக் கீழே இருந்தது. கண்ணாடியைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொள்ள இங்கே இடமில்லை.

மனைவியும் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, தன் பாதத்தை அந்தப் பாதத்தின் மேல் மெல்ல வைத்தார்.

“அவன் பார்த்துப்பான், விடுங்க.”

அடுத்த விளக்கு மஞ்சளுக்கு மாறியது. இளைய டிரைவர் வேகத்தைக் குறைத்தார். மனைவியின் பாதத்துக்கு அடியில் அவருடைய கால் மெல்லத் தளர்ந்தது.